பனிக்கட்டியின் மேல் ஒரு கணப்பு

அக்கினி க்ஷேத்திரம் என்று புராணங்களால் புகழப்பட்டதும், மூலஸ்தானத்திற்குள் நுழைந்த மாத்திரத்தில் மார்கழி மாதத்திலும் நெற்றியை வியர்க்கச் செய்வதுமான திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு, கடல்களுக்கு அப்பால் உறைந்து கிடக்கும் ஓர் ஏரியின் மேல் கூடாரம் அடித்து மீன் பிடிக்கிறவர்கள் எந்த விதமான கணப்பை வாங்க வேண்டும் என்று ஒருவன் எழுதப் புகுந்தால், அது வேலையற்றவன் விவகாரம் என்று வாசகர்கள் எண்ணுவது நியாயமே. காலையில் குளிர் சற்றுக் கூடிவிட்டால் கிரிவலப் பாதை முழுவதும் குரங்குக் குல்லாய்களாகக் காட்சியளிக்கும் ஊர் இது. ஆனாலும் எனக்குக் காரணம் இருக்கிறது. டொராண்டோவை அடுத்த ஸ்கார்பரோவில் வசிக்கும் என் தங்கை மகன், குளிர்காலம் வந்தால் நண்பர்களோடு ஸிம்கோ ஏரிக்குப் போகிறவன்; இத்தனை காலம் வாடகைக் குடிசையில் உட்கார்ந்து மீன் பிடித்தவன், இந்த வருஷம் சொந்தக் கூடாரமும் கணப்பும் வாங்குவதென்று தீர்மானித்து, பள்ளிக்கூடத்தில் ரசாயனம் போதித்தே தலை நரைத்த என்னிடம் யோசனை கேட்டான்.

"மாமா, கடையில நாலஞ்சு வகை ஹீட்டர் இருக்கு. எல்லா டப்பா மேலயும் பாதுகாப்பானதுன்னுதான் போட்டிருக்கான். நீங்கதான் சொல்லணும், எதை வாங்கறது?"

அவனுக்குத் தொலைபேசியில் சொன்னதையெல்லாம் இங்கே கொஞ்சம் விஸ்தாரமாக எழுதிவைக்கிறேன். அவனைப் போன்ற பிள்ளைகள் இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பிரயோஜனப்படக்கூடும்.

ஸிம்கோ ஏரி டொராண்டோவுக்கு வடக்கே காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. எழுநூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த அந்த நீர்ப்பரப்பு, நாம் இங்கே புதுப்பானையில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தை மாதத்து நாட்களில், குளிர் வழக்கம்போல் வந்த வருஷங்களில், மனிதரும் வாகனமும் ஏறி நடமாடக்கூடிய தளமாக இறுகிவிடுகிறது. அதில் திருகுத் துளைக்கருவியால் வட்டமாகத் துளையிட்டு, துளை வழியே தூண்டிலை இறக்கி, மஞ்சள் பெர்ச், லேக் டிரௌட், வொயிட்ஃபிஷ் முதலான மீன்களைப் பிடிப்பது அங்கே பெரிய பொழுதுபோக்கு. காற்று பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து, இருபது டிகிரி என்று நிற்கும். ஈர விரலால் உலோகத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். துளையில் இருக்கும் தண்ணீரே சிறிது நேரத்தில் மேலே ஏடு கட்டும். ஆகவே ஒரு கூடாரமும் அதற்குள்ளே ஒரு கணப்பும் இல்லாமல் நாள் முழுவதும் அங்கே உட்காருவது என்பது யோகிகளுக்கு மாத்திரமே சாத்தியம்.

மீன் பிடிக்கப் போகும் அந்த நண்பர் கூட்டத்தில், பருத்தித்துறையில் பிறந்து, சிறு வயதில் தகப்பனாரோடு கடலுக்குப் போன ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் என் மருமானிடம் சொன்னதாக அவன் சொன்ன வார்த்தையைக் கேட்ட பிறகு, என் நாற்பது பக்கப் பாடக்குறிப்பு எதற்கு என்று தோன்றிவிட்டது: "தம்பி, உள்ளுக்கை ஹீற்றரைக் கொளுத்திப்போட்டுச் சிப்பை இழுத்து மூடினால், குளிரும் போகும், ஆளும் போகும்."

விஷயம் அவ்வளவுதான். ஆனால் அது ஏன் அப்படி என்பதை அறிந்தால்தான் எதை வாங்குவது என்பது புலப்படும்.

கடைக்குப் போகிறவர்கள் எல்லாரும், இந்தக் கணப்பு எவ்வளவு உஷ்ணம் கொடுக்கும் என்று கேட்கிறார்கள். டப்பாவின் மேலும் நாலாயிரம் பி.டி.யு., ஒன்பதாயிரம் பி.டி.யு. என்று அதைத்தான் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்வி வேறு: இந்த நெருப்பு எங்கிருந்து மூச்சு வாங்குகிறது, எங்கே மூச்சு விடுகிறது? கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயரத்து மலையுச்சியில், ஆளுயரக் கொப்பரையில், ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும் ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத் துணியும் சேர்ந்து ஜோதியாக எழுந்து, பதினொரு நாள் வரை எரிகின்றன; அந்தப் பெருநெருப்பினால் ஒருவருக்கும் மூச்சு முட்டுவதில்லை, ஏனென்றால் அதற்கு ஆகாயம் முழுவதும் சொந்தம். மீன்பிடிக் கூடாரத்தில் எரிவதோ உள்ளங்கையகல நெருப்பு. ஆனால் அதற்கும் அதன் எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பிடி காற்றுதான் உண்டு.

அந்தக் காற்று எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய வழக்கம் போகவில்லை. ஆறடிக்கு ஆறடி, ஆறரை அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் கூடாரத்தின் கொள்ளளவு ஏறக்குறைய ஆறரை கன மீட்டர். ஒன்பதாயிரம் பி.டி.யு. கணப்பு, அதாவது நம் வீட்டில் தண்ணீர் காய்ச்சும் கீசரை விடச் சற்று அதிகமான சக்தி உடையது, முழு வேகத்தில் எரியும்போது மணிக்கு 200 கிராமை ஒட்டிப் புரொபேன் வாயுவைச் செலவழிக்கிறது. அதற்கு வேண்டிய காற்று இரண்டரை கன மீட்டர். காற்றில் இயல்பாக 21 சதவீதம் இருக்கும் பிராணவாயு, ஒரு சந்தும் விடாமல் மூடிய கூடாரத்தில், அரை மணி நேரம் ஆவதற்கு முன்பே 18 சதவீதத்துக்கு இறங்கிவிடும் என்று கணக்கு சொல்கிறது. மனிதர் மூச்சு வாங்குவதை நான் இதில் சேர்க்கவில்லை. நிஜக் கூடாரத்தில் ஓட்டை உண்டு, காற்று புகும், ஆகையால் இவ்வளவு வேகமாக நடக்காது. ஆனால் குளிர் தாங்காமல் கூடாரத்தின் ஓரங்களில் பனியை வெட்டிப் போட்டு அடைப்பவர்கள், கணக்கில் இருக்கும் கூடாரத்தைத்தான் கையால் கட்டுகிறார்கள்.

பிராணவாயு குறைவது முதல் அபாயம். அதைவிடக் கொடியது அதன் விளைவு. போதிய காற்றுக் கிடைக்காத நெருப்பு கரியமில வாயுவாக முற்ற எரியாமல், பாதி எரிந்து கார்பன் மோனாக்சைடாக நின்றுவிடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது, இருமல் வராது. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் பற்றுதலோடு இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை எளிதில் விடாது. சுத்தமான காற்றுக்கு வந்த பிறகும் அதில் பாதி வெளியேறுவதற்கு நான்கைந்து மணி நேரம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் முழுப் பிராணவாயு கொடுத்தால் ஒன்றரை மணிக்குள் பாதியாகிறது. கொரோனாக் காலத்தில் வாங்கிய விரல்மாட்டிக் கருவி வீட்டுக்கு வீடு இருக்கிறதே, அதை மாட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே அது தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது என்று காட்டும். இந்த வாயுவைப் பிடித்த ரத்தமும் பிராணவாயுவைப் பிடித்த ரத்தமும் அதன் ஒளிக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ஆகையால் அந்தக் கருவியை நம்பி ஒருவரும் ஆறுதல் அடையவேண்டாம்.

இவையெல்லாம் கனடாவில் நடக்கும் சமாசாரம், நமக்கென்ன என்று நினைக்கிறவர்களுக்கு இரண்டு சம்பவங்களை நினைவூட்டுகிறேன். 2020 ஜனவரியில் நேபாளத்தில் தாமன் என்னும் மலைவாசஸ்தலத்திற்குச் சுற்றுலா போன கேரளத்துக் குடும்பங்களில் எட்டுப் பேர், அவர்களில் நால்வர் குழந்தைகள், விடுதி அறையில் வாயுக் கணப்பை ஏற்றி, கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு படுத்தார்கள்; காலையில் ஒருவரும் கண் விழிக்கவில்லை. 2024 ஆகஸ்டில் நம் கொடைக்கானலிலேயே, திருச்சியிலிருந்து போன இளைஞர்கள் இருவர், இறைச்சி வாட்டிய கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கி உயிர் இழந்தார்கள். டெல்லியில் அங்கீட்டி என்னும் கரிச்சட்டியினால் இப்படிப்பட்ட செய்தி வராத குளிர்காலமே இல்லை எனலாம்.

கரியைப் பற்றி ஒரு வார்த்தை தனியாகச் சொல்லவேண்டும். நம் முன்னோர்கள் பிள்ளை பெற்றவள் அறையில் கணப்புச் சட்டி வைத்தார்கள், குமுட்டி அடுப்பில் குளிர் காய்ந்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நாட்டு ஓடு வேய்ந்து, முற்றம் திறந்து, சுவருக்கும் கூரைக்கும் நடுவே குருவி நுழையும் சந்து விட்ட வீடுகள் அவை. காற்று கேளாமலே வந்து போயிற்று. இன்றைய அறையோ ஏ.சி.க்காகவே ரப்பர் பட்டை ஒட்டி அடைத்தது. அதோடு, விறகின் புகை கண்ணைக் கரித்து நம்மை வெளியே துரத்தும். தணலாகிச் சிவந்த கரிக்குப் புகை கிடையாது. புகை நின்றுவிட்டது, இனி உள்ளே கொண்டுபோகலாம் என்று நினைக்கும் அந்தத் தருணத்திலேதான், அடித்தணலில் உண்டாகும் கரியமில வாயு மேல் அடுக்கிலுள்ள செங்கரியைக் கடந்து வரும்போது மோனாக்சைடாக மாறி மிகுதியாக வெளிப்படுகிறது. பனிக்கூடாரத்திலோ, விடுதி அறையிலோ, காருக்குள்ளோ கரிக்கு இடமே இல்லை. இதில் நான் தர்க்கத்துக்கு வரமாட்டேன்.

இனிக் கடைக்கு வருவோம். வட அமெரிக்காவில் மீன்பிடிக் கூடாரக்காரர்கள் அதிகமாக வாங்குவது 'மிஸ்டர் ஹீட்டர்' நிறுவனத்தாரின் 'பட்டி' என்னும் சிறு கணப்பையும் அதைப் போன்றவற்றையும்தான். கைப்பிடியோடு தூக்கிச் செல்லத் தக்கது; 450 கிராம் புரொபேன் குப்பி ஒன்றைத் திருகி மாட்டிக்கொள்ளலாம். என் மருமான் வீடியோவில் ஒன்றை ஏற்றிக் காட்டினான். குமிழை அழுத்தித் திருப்பினால் டக் என்று பொறி பறக்கிறது. விரல் நுனி அளவு நீலச்சுடர் ஒன்று ஓரத்தில் நிற்கிறது. குமிழை உடனே விட்டால் அணைந்துவிடும், அரை நிமிஷம் வரை அழுத்திப் பிடித்தால் நிலைத்து நிற்கும். பிறகு பீங்கான் பலகை மெல்லச் செம்மஞ்சளாகி அனல் வீசுகிறது.

அந்த அரை நிமிஷம் எதற்கு என்று அவன் கேட்டான். கணப்பின் ரட்சகனே அந்தச் சிறு சுடர்தான். அதன் எதிரில் இருவகை உலோகம் இணைந்த ஊசி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. சுடர் அதைச் சூடேற்றும் வரையில் அதில் அற்ப மின்சாரம் பிறந்து, வாயுக் குழாயின் அடைப்பைத் திறந்தபடி பிடித்திருக்கும். அறையில் பிராணவாயு 18 சதவீதத்தை ஒட்டிக் குறைந்தால், சுடர் நிலைதவறித் துளையை விட்டு எழும்பி ஊசியிலிருந்து விலகிப்போகும், ஊசி ஆறும், மின்சாரம் நிற்கும், அடைப்பு தானே விழுந்து வாயு நின்றுவிடும். கணிதமோ கம்ப்யூட்டரோ இல்லாமல், சுடரின் நடுக்கத்தையே காவலாக வைத்த இந்த யுக்தியை யார் முதலில் நினைத்தாலும் அவருக்கு என் நமஸ்காரம். கணப்பு சாய்ந்தால் அணைந்துபோகும் விசையும் இதில் உண்டு. இவ்விரண்டும் இல்லாத கணப்பை, குறிப்பாகப் பெரிய சிலிண்டரின் தலையில் சூரியகாந்திப் பூப்போல் மாட்டிக் கொளுத்தும் வகையை, கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. அது வெளிமுற்றத்துக்கு என்று செய்தது.

ஆனால் டப்பாவில் எழுதாத ஒன்றையும் கவனிக்கவேண்டும். அந்த ஊசி காவல் காப்பது பிராணவாயுவை; மோனாக்சைடை அன்று. பர்னரில் தூசியோ சிலந்திக் கூடோ அடைத்து, அல்லது கீழே விழுந்து பீங்கான் பலகை விரிசல் கண்டு, எரிதல் கெட்டுப்போன ஒரு கணப்பு, பிராணவாயு தாராளமாக இருக்கும் அறையிலேயே விஷத்தைக் கக்கலாம். சிறு சுடர் ஒரு நடுக்கமும் இல்லாமல் நின்றுகொண்டிருக்கும். இன்னொரு சங்கதி: இவ்வகைக் கணப்புகள் ஏழாயிரம் அடிக்கு மேல் சரியாக வேலை செய்யமாட்டா, அங்கே காற்று இயல்பாகவே மெலிந்திருப்பதால் காவல் சுடர் வீணாகப் பயந்து அணைந்துவிடும் என்று செய்தவர்களே எச்சரிக்கிறார்கள். ஊட்டி ஏழாயிரத்து முந்நூறு அடிக்கு மேல். கொடைக்கானல் ஏழாயிரத்தை ஒட்டி இருக்கிறது. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வரும்போது கணப்பைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து ஊட்டியில் ஏற்றலாம் என்று நினைப்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

நம் ஊர்ச் சிலிண்டரும் பனிக்கு ஆகாது. வீட்டுக்கு வரும் எல்.பி.ஜி. என்பது பியூட்டேனும் புரொபேனும் கலந்தது. பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டிய குளிரிலேயே வாயுவாகாமல் திரவமாகத் தேங்கிவிடும். புரொபேனோ மைனஸ் 42 டிகிரி வரை வாயுவாக எழும். லடாக்குக்கும் மணாலிக்கும் சிறு பியூட்டேன் குப்பி அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய், விடியற்காலையில் தேநீருக்குத் தவம் கிடந்தவர்களுக்கு இது அனுபவபூர்வமாகத் தெரியும். குப்பி உறைந்துவிட்டதென்று அதை நெருப்பில் காட்டிச் சூடேற்றும் புத்திசாலிகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை.

குப்பி மாற்றுவதைக் கூடாரத்துக்கு வெளியே செய்யவேண்டும். புரொபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தரையிலே படர்ந்து, பனிக்கட்டித் துளையைச் சுற்றிக் குளம்போல் தேங்கிக் கிடக்கும். சிலிண்டர் போடுகிறவர் நம் சமையலறையில் சோப்பு நுரை தடவிப் பார்க்கிறாரே, அதே சோதனையை மாட்டிய பிறகு ஒருமுறை செய்தால் போதும். கணப்பை வெறும் பனிக்கட்டியின் மேல் வைத்தால் அடியில் உருகி ஒருபக்கமாகச் சாயும்; ஒரு பலகை போட்டு வைக்கவேண்டும். கூடாரத் துணி நைலானோ பாலியெஸ்டரோ, எப்படியும் அனலுக்கு இரண்டு முழமாவது எட்டியிருக்கட்டும்.

இப்போது பலருக்கும் நம்பிக்கை வராத ஒரு விஷயம் சொல்கிறேன். சந்து திறந்து வைத்தால் சூடு போய்விடும் என்றுதானே எல்லாரும் மூடுகிறார்கள்? புரொபேன் எரியும்போது கரியமில வாயு மட்டும் வருவதில்லை, தண்ணீரும் பிறக்கிறது. ஒரு 450 கிராம் குப்பி முழுவதும் எரிந்தால் முக்கால் லிட்டரை ஒட்டிய தண்ணீர் ஆவியாகக் கூடாரத்துக்குள் வருகிறது. அது எங்கே போகும்? துணிச்சுவரில் முத்து முத்தாகப் படிந்து, தலையில் சொட்டி, கோட்டிலும் கையுறையிலும் ஊறி, இரவில் கூடாரத்தை மடிக்க முடியாத அட்டைபோல் உறையவைக்கும். ஈரமான கம்பளி உடம்பின் சூட்டைக் குடித்துவிடும். மேலே ஒரு திறப்பும் கீழே ஒரு திறப்புமாகக் காற்று ஓட விட்டவர்கள் உலர்ந்த உடையோடு, கொஞ்சம் கூடுதல் வாயு செலவழித்து, மூடிக்கொண்டவர்களைவிடக் கதகதப்பாகவே இருப்பார்கள். மேலே மட்டும் திறந்தால் போதாது. உள்ளே வர வழியில்லாத காற்று வெளியேறவும் தயங்கும்.

என் மருமானுக்கு நான் சிபாரிசு செய்தது வேறொரு வகை. கடந்த சில வருஷங்களாக மலிந்துவிட்ட டீசல் கணப்பு: லாரி ஓட்டுநர்கள் வண்டிக்குள் உறங்குவதற்கென்று ஐரோப்பாவில் உண்டானது, இப்போது சீனத் தயாரிப்பாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. இதில் நெருப்பு ஒரு மூடிய உலோக அறைக்குள் எரிகிறது. எரிவதற்கு வேண்டிய காற்றை ஒரு குழாய் வெளியிலிருந்து கொணர்கிறது. எரிந்த புகையை மற்றொரு குழாய் வெளியே கொண்டுபோய் விடுகிறது. கூடாரத்துக் காற்று அந்த உலோக அறையின் வெளிப்புறச் சுவரைத் தொட்டுச் சூடாகித் திரும்புகிறதே ஒழிய நெருப்பை ஒருபோதும் சந்திப்பதில்லை. நான் கேட்கச் சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் 'வெளியே, வெளியே' என்று பதில் சொல்லும் கணப்பு இது. கூடாரத்தில் தண்ணீரும் சேராது. பெட்டியைக் கூடாரத்துக்கு வெளியிலேயே வைத்துவிட்டு, சூடான காற்றை மட்டும் பெரிய குழாயால் உள்ளே கொண்டுவருவது இன்னும் உத்தமம்.

இதற்கும் உபத்திரவம் உண்டு. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி வேண்டும். ஏற்றும்போது உள்ளிருக்கும் சூட்டுக்கம்பி எட்டு, பத்து ஆம்பியர் வரை மின்சாரம் இழுக்கும். குளிரில் இளைத்த பேட்டரி அந்த நேரத்தில் கைவிடும். சாதாரண டீசல் கடுங்குளிரில் மெழுகுபோல் இறுகிவிடுமாதலால் குளிர்கால டீசலையே ஊற்றவேண்டும். எண்ணெய்ப் பம்பு டிக் டிக் என்று விடாமல் அடித்துக்கொண்டிருக்கும். மீன் அந்தச் சத்தத்துக்கு அஞ்சுமா என்று ஸிம்கோ ஏரிக்காரர்கள் தங்களுக்குள் வாதிட்டுக்கொள்கிறார்களாம். எல்லாவற்றிலும் முக்கியம் புகைக்குழாய்: அதைக் கூடாரத்தின் ஓரத் துணிக்கு அடியிலோ, காற்று வீசும் பக்கமோ விட்டால், அல்லது பனிக்குவியல் அதன் வாயை அடைத்தால், பணம் கொடுத்து வாங்கிய பாதுகாப்பு முழுவதும் ஒரு நிமிஷத்தில் வீண். விறகு அடுப்பும் இதே தர்மத்துக்கு உட்பட்டதுதான்: புகைபோக்கி சரியாக இருந்தால் நல்லது, இல்லையென்றால் கரிச்சட்டிக்கு அண்ணன். கெரஸின் கணப்பைப் பற்றி எழுதக்கூட எனக்கு விருப்பமில்லை, நாற்றமே போதும்.

எந்தக் கணப்பை வாங்கினாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று உடன் இருக்கவேண்டும். வட அமெரிக்கத் தரத்தின்படி, காற்றில் பத்து லட்சத்துக்கு 70 பங்கு அந்த வாயு இருந்தால் ஒரு மணியிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள்ளும், 400 பங்கு இருந்தால் நான்கிலிருந்து பதினைந்து நிமிஷத்துக்குள்ளும் அது அலறவேண்டும். வீட்டு அலாரங்களில் பல, காற்று நான்கு டிகிரிக்குக் கீழே போனால் சரியாக வேலை செய்யும் என்று செய்தவர்கள் உறுதி சொல்வதில்லை. ஆகையால் அதைப் பனித்தரையில் வீசி வைக்காமல், உட்கார்ந்திருப்பவரின் முகத்தளவு உயரத்தில், கதகதப்பான பக்கத்தில் தொங்கவிடவேண்டும். குளிரைத் தாங்கும் என்று குறிப்பிட்ட வகை கிடைத்தால் அதுவே மேல். இந்த வாயு காற்றோடு ஏறக்குறைய ஒரே கனம் உடையதாகையால் கூரையில் மாட்டுவதா தரையில் மாட்டுவதா என்ற சர்ச்சைக்கு அர்த்தமில்லை. ஒன்டாரியோ மாகாணத்தில், 2008 டிசம்பரில் உட்ஸ்டாக் என்ற ஊரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர், அடைபட்ட புகைவழியினால் தங்கள் வீட்டிலேயே மாண்டுபோனதன் பிறகு, அவர்களுடைய உறவினரான ஒரு தீயணைப்பு வீரர் விடாமல் போராடி, 2013-ல் 'ஹாக்கின்ஸ் கிக்னாக்' சட்டம் நிறைவேறி, எரிபொருள் சாதனம் இருக்கும் வீடுகளில் இந்த அலாரம் கட்டாயமாயிற்று. சட்டம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. ஏரியின் மேல் அடிக்கும் கூடாரத்துக்கு நாமே சட்டம் போட்டுக்கொள்ளவேண்டியதுதான்.

தலை வலிக்கிறது, வயிற்றைப் பிரட்டுகிறது, கால் தள்ளாடுகிறது என்று கூடாரத்தில் ஒருவர் சொன்னால், காலையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று வியாக்கியானம் செய்துகொண்டிராமல் உடனே எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். இருவருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. பிறகு ஆஸ்பத்திரி, அங்கே விரல்மாட்டியைக் காட்டி அனுப்பாமல் ரத்தத்தைச் சோதிக்கும்படி கேட்கவேண்டும். இரவு தங்கி மீன் பிடிப்பவர்கள், வாயுக் கணப்பை அணைத்துவிட்டுத்தான் படுக்கவேண்டும். நல்ல உறக்கப்பையும் கம்பளியும் அதற்காகத்தான் இருக்கின்றன. தூங்குகிறவனுக்குத் தலைவலி தெரியாது.

கணப்பைப் பற்றிப் பேசுகிற அவசரத்தில் காலடியை மறக்கக் கூடாது. தனியாக நடப்பதற்கே பனிக்கட்டி 15 சென்டிமீட்டர் கனம் இருக்கவேண்டும் என்று கனடா செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது. தெளிந்த நீலப் பனியைப் போல வெண்பனி உறுதியானதன்று, ஏறக்குறைய பாதி பலந்தான்.

என் மருமானும் நண்பர்களும் பணம் போட்டு டீசல் கணப்பையே வாங்கிவிட்டார்கள். பருத்தித்துறைப் பெரியவர் புகைக்குழாய்க்குப் பொறுப்பு. அவர்களைப் பற்றி எனக்குக் கவலை குறைந்துவிட்டது. டிசம்பரில் ஜவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் கூடாரம் தூக்கிக்கொண்டு போகும் நம் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றித்தான் இப்போது கவலை. கோழி வாட்டிய கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் இழுத்துக்கொள்ளாதீர்கள் என்று அவர்களுக்கு யாராவது இதைப் படித்துச் சொல்லுங்கள். கனடாவிலோ நார்வேயிலோ இருக்கும் வாசகர்கள், கையிலிருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் அலாரத்தை முதலில் வாங்குங்கள். கணப்பை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.